பூட்டோடு நின்ற படம்

போன மாதம் ஷாமினி தொலைபேசியில் அழைத்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு கண்டியில் எங்கள் சிறுதொழில் பயிற்சிப் பிரிவில் என் கதிரைக்கு வந்த பிள்ளை.

“மிஸ், நீங்க படமும் நாடகமும் காட்டித்தானே ஆளுங்களுக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தீங்க? அதுல இருந்து சின்னச் சின்னக் கடைக்காரங்களுக்குப் பத்துப் பாடம் எழுதித் தாங்களேன். புதுக் கைநூல்ல போடுறோம்.”

“பத்து என்ன, இருபது தாறேன்” என்று சொல்லிவிட்டேன். என் வாய்க்கு எப்போதும் என்னைவிட ஒரு அடி முன்னால் போகிற பழக்கம். அதனால் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. இந்தக் கட்டுரையும் அதைப் பற்றித்தான்.

நான்கு நாட்கள் கொப்பியை விரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒன்று என்று இலக்கம் போட்டேன். அதற்குப் பக்கத்தில் என்ன எழுதுவது என்று விளங்கவில்லை. இருபத்தாறு வருடம் இதே வேலையைச் செய்து சம்பளம் வாங்கியவள் நான். வெட்கமாக இருந்தது.

அந்தப் பிரிவுக்கு நான் எழுதுவினைஞராகத்தான் போனேன். தட்டச்சு, கோப்பு, வரவுப் பதிவு இடாப்பு என்று மூன்று வருடம் போயிற்று. பிறகு பயிற்சி உத்தியோகத்தர் ஆக்கினார்கள். எனக்குத் தொழில் பழக்கியவர் எங்கள் பிரிவின் பொறுப்பாளர் சுபைர் சேர். ஒல்லியான மனிதர், வெள்ளைச் சேர்ட், சட்டைப் பையில் இரண்டு பேனை. கடைக்காரர்களுக்கு விரிவுரை செய்தால் பத்தாவது நிமிடத்தில் தூங்கிவிடுவார்கள் என்று கண்டுபிடித்து, சினிமாப் படம் போட ஆரம்பித்தவர் அவர்தான்.

அவருடைய முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு பெரிய தொலைக்காட்சிப் பெட்டி, ஒரு சீடி பிளேயர், பொலித்தீன் உறை கழற்றாத ரிமோட். இவ்வளவுதான் சாமான். படம் ஓடத் தொடங்கியதும் எல்லாரும் திரையைப் பார்ப்பார்கள். சேர் மட்டும் தன் கதிரையைத் திருப்பிப் போட்டு, திரைக்கு முதுகு காட்டி, ஆட்களைப் பார்த்து உட்காருவார். யார் முன்னுக்குச் சாய்கிறார், யார் சேலைத் தலைப்பை வாயில் வைக்கிறார் என்றெல்லாம் குறித்துக்கொள்வார். படம் அவருக்கு மனப்பாடம். காதால் கேட்டே, சரியான இடத்தில் திரும்பாமலே ரிமோட்டை அமத்துவார். படம் அப்படியே உறைந்து நிற்கும்.

எல்லா வகுப்பிலும் ஒரே படம்தான். அதன் கதை சின்னது. கதாநாயகன் ஒரு தேநீர்க்கடைக்காரன். எதிரில் பெரிய ஹோட்டல் ஒன்று வருகிறது. இவனுடைய வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராகத் தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போகிறார்கள். ஒருநாள் இவன் கடைக்கதவை இழுத்துப் பூட்டுகிறான். சாவியைச் சட்டைப் பைக்குக் கொண்டுபோகிறான். கை பாதி வழியில் இருக்கும்போது சேர் நிறுத்திவிடுவார். முதலாவது சீடியும் அதோடு முடிகிறது.

“இப்ப இவர்ட கையில என்ன ஈக்குது?” என்று கேட்பார்.

எல்லாக் கூட்டத்திலும் முதல் பதில் “சாவி” என்றுதான் வரும். சேர் கரும்பலகையில் எழுதுவார். பிறகு ஒருவர் “மானம்” என்பார். இன்னொருவர் “சமையல் கைப்பக்குவம்” என்பார். இவன் செய்தது சரியா, அடுத்து என்ன செய்வான் என்று பேச்சு நீளும். எல்லாவற்றையும் ஒரே அளவு எழுத்தில் எழுதி, எல்லாவற்றுக்கும் “நல்லம்” என்பார். எதையும் பிழை என்று சொல்லமாட்டார். ஒவ்வொருவரும் வாய் திறந்த பிறகுதான் தேநீரும் பிஸ்கட்டும் வரும். ஆனால் படத்தின் முடிவை மட்டும் காட்டவே மாட்டார். யார் கெஞ்சினாலும் சரி. இரண்டாவது சீடி அவருடைய அலுமாரியில் பூட்டிக் கிடந்தது.

“முடிவப் பார்த்தா படத்த மறந்து ஊட்டுக்குப் போயிருவாங்க, மிஸ். பார்க்காட்டி முடிவத் தேடிக்கொண்டே போவாங்க” என்று எனக்கு விளக்கம் சொன்னார். பெரிய ஞானம் என்று நானும் கொப்பியில் எழுதிவைத்தேன்.

ஆட்கள் எதைத் தேடிக்கொண்டு போவார்கள் என்பது நம் கையில் இல்லை என்று முதலில் கலகெதரயில் கண்டேன். அங்கே படத்துக்குப் பதில் நாடகம் போட்டோம். வாடிக்கைக்காரர் குறை சொல்ல வரும்போதெல்லாம் காது கேட்காதவர்போல் நடிக்கும் ஒரு மோசமான முதலாளியின் கதை. எழுதியது நான்தான். இப்படி இருக்கக்கூடாது என்று காட்டுவதுதான் நோக்கம். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. இரண்டு வாரம் கழித்துப் போய்ப் பார்த்தால், ஓட்டைக் குடையைத் திருப்பிக் கொண்டுவந்த ஒரு பெண்ணிடம் எங்கள் பயிலுநர் ஒருவர் காதில் கை வைத்து “ஆ? என்ன?” என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். என்னைக் கண்டதும் முகமெல்லாம் மலர்ந்து, “மிஸ், நாடகத்தில உள்ள மாதிரியே செய்றேன். நல்லா வேல செய்யுது!” என்றார். நான் என்ன சொல்ல? அந்தப் பெண்ணுக்கு ஒரு குடை வாங்கிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன்.

இனி பரமேஸ்வரியின் கதைக்கு வருகிறேன்.

பரமேஸ்வரி பன்வில பக்கத்துத் தோட்டத்துப் பெண். தொழிலாளர் லயத்தில் வரிசையில் ஒரு வீடு. கடைத்தெருவில் பஸ் நிற்கும் இடத்துக்கு அருகே ஒரு தகரக் கடை. கடலை வடை, ரொட்டி, பிளேன்டீ. கணவர் ஆறுமுகம் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. இரண்டு பிள்ளைகளின் படிப்பும் சாப்பாடும் அந்தத் தகரக் கடையில்தான் நின்றது. அவளுக்கு நேர் எதிரே சுனில் முதலாளி என்பவர் புதிதாக ஒரு பேக்கரி திறந்தார். கண்ணாடி அலுமாரி, உள்ளே மின்குமிழ், மீன் அடைத்த மாலுபாண், கிறீம் பூசிய கேக். பரமேஸ்வரி படத்தைப் பார்த்தபோது சேலைத் தலைப்பு அவளுடைய வாயில் இருந்தது. சேர் அதைக் குறித்தும் வைத்திருந்தார். தன் கதையையே யாரோ படம் எடுத்துவிட்டார்கள் என்று அவள் நினைத்திருக்க வேண்டும்.

அன்றைக்குப் பேச்சில் கடுகண்ணாவையில் சைக்கிள் திருத்தும் ஒருவர் எழும்பி, “பூட்டினது சரிதான். பூட்டிட்டாத்தான் சனத்துக்கு அருமை தெரியும்” என்றார். சேர் வழக்கம்போல் “நல்லம்” என்று எழுதினார். அடுத்த பதிலுக்கும் “நல்லம்” என்றார். அதற்கடுத்ததற்கும் அப்படித்தான். பரமேஸ்வரிக்கு அந்த முதல் “நல்லம்” மட்டும் போதுமாக இருந்திருக்கிறது.

ஒன்பது நாள் கழித்து, காலை பத்து மணிக்கு, காரியாலய வராந்தா வாங்குப் பலகையில் குடையை மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் எழும்பினாள்.

“மிஸ், அந்த ஆளு கடையத் திரும்ப எப்பத் தொறந்தாரு?”

“எந்த ஆளு?”

“படத்தில மிஸ். பூட்டுனாரே. நானும் பூட்டிட்டேன். இன்னைக்கு ஒம்பது நாளாச்சு.”

உட்காரவைத்து முழுவதையும் கேட்டேன். திங்கட்கிழமை காலை கதவை இழுத்துப் பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு லயத்துக்குப் போயிருக்கிறாள். இரண்டு நாளில் சனம் அருமை தெரிந்து தேடி வரும் என்று எண்ணம். அதில் தவறவில்லை, சனம் தேடித்தான் வந்தது. மூன்றாம் நாளிலிருந்து ஒவ்வொருவராக வந்தார்கள். கையில் சீனிப் பொட்டலம், தேயிலைப் பொட்டலம். வந்து பாயில் உட்கார்ந்தார்கள். ஒன்றும் கேட்கவில்லை. அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார்கள். பக்கத்து லயத்துப் பொன்னம்மா அக்கா கட்டிப்பிடித்து அழுதார்.

“நான் என்னா நெனச்சேன்னா, மிஸ், கட பூட்டுனதுக்குத்தான் இம்புட்டு அழுறாங்கன்னு நெனச்சேன். அருமை தெரிஞ்சிருச்சுன்னு உள்ளுக்குள்ள சந்தோஷமாக்கூட இருந்திச்சு.”

அந்தக் கடை ஏழு வருடமாக ஒருநாளும் பூட்டியதில்லை. எங்கள் பக்கத்தில் அப்படிப்பட்ட கடை மூன்று நாள் பூட்டிக் கிடந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: வீட்டில் சாவு. ஆறுமுகம் கடைசியாக ஊருக்கு வந்துபோய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஊர் இரண்டையும் சேர்த்துப் பார்த்துவிட்டது. பிரேதம் கொழும்பிலிருந்து வரவேண்டும், அதற்காகத்தான் காத்திருக்கிறாள் என்று முடிவு செய்துவிட்டார்கள். சுனில் முதலாளி ஊருக்குப் புதியவர். அயலில் ஒரு சாவுக்கு மரியாதை செய்யாமல் இருக்கக்கூடாது என்று, தன் பேக்கரிக்கும் அவளுடைய பூட்டிய கடைக்கும் குறுக்கே கயிறு கட்டி வெள்ளைக் கொடி தொங்கவிட்டிருக்கிறார்.

ஐந்தாம் நாள் அவளுடைய மதினி வந்து, ஊர் நினைப்பதைச் சொல்லி விஷயத்தை உடைத்திருக்கிறாள். பரமேஸ்வரி ஓடிப்போய்க் கொழும்புக்கு ஃபோன் எடுத்தாள். ஆறுமுகம் கொத்துரொட்டி போட்டுக்கொண்டிருந்தாராம். தான் செத்த செய்தியைக் கேட்டு நன்றாக ஏசியிருக்கிறார்.

“அதுக்குப் பொறகு நான் வெளியிலயே தலைகாட்டல, மிஸ். கொடி கட்டியாச்சு. ஊரே அழுதாச்சு. இப்ப போய்க் கடையத் தொறந்தா என்னான்னு சொல்றது? படத்தப் பாத்துட்டுப் பூட்டுனேன்னா? மூஞ்சில துப்ப மாட்டாங்களா? நாலு நாளா யோசிக்கிறேன். தொறக்குறதுக்கு வழி தெரியல. ஆனா அந்த ஆளும் பூட்டுனவருதானே? அவரு எப்புடியோ தொறந்திருப்பாரு. அத மட்டும் சொல்லுங்க, அதே மாதிரி செஞ்சுக்கிறேன்.”

சிரிப்பதா அழுவதா என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் அவள் இரண்டையும் செய்யவில்லை. குடையின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகளுக்கு அடுத்த வாரச் சாப்பாடு என்னுடைய பதிலில் இருந்தது.

நேராகச் சேரிடம் போனேன். “சேர், இன்றைக்கு மட்டும் இரண்டாவது சீடியைத் தாங்கோ” என்று விஷயத்தைச் சொன்னேன். அவர் சாவிக்கொத்தைத் தேடி எடுத்தார். பிறகு அலுமாரியைத் திறந்து உறையை எடுத்தார். பயிற்சி அறைக்குப் போய்க் கதவைச் சாத்தி, சீடியைப் போட்டார். அன்றைக்குத்தான் முதல்முறையாக அவர் திரையைப் பார்த்து உட்கார்ந்தார்.

வாளேந்திய ஒருவர் குதிரையில் வந்தார். பின்னால் இருபது பேர். தேநீர்க்கடை எங்கே? ஒருவேளை கனவுக் காட்சியோ என்று பார்த்தேன். குதிரைக்காரர் ஒரு அரண்மனைக்குள் போனார். அங்கே ஒரு ராணி பாடினாள். பத்து நிமிடம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. அது வேறு படம். உறைக்குள் இரண்டாவது சீடியை மாற்றிப் போட்டு விற்றிருக்கிறார்கள்.

“சேர், இது உங்களுக்கு முதலே தெரியுமா?”

“முதலாவது வகுப்பிலேயே தெரியும், மிஸ்” என்றார் மெதுவாக. “நாப்பது பேர் உக்காந்து ஈக்காங்க. ரெண்டாவது சீடியப் போட்டா குதிர ஓடுது. மானம் போகுது எண்டு நிப்பாட்டிப்போட்டு, முடிவ நீங்கதான் சொல்லோணும் எண்டு சொல்லிட்டேன். அண்டைக்கு நடந்த மாதிரி ஒரு பேச்சு அதுக்கு முந்தி நடக்கவே இல்ல. அதால அதையே முறையா வெச்சுக்கிட்டேன்.”

“அப்போ முடிவு?”

“எனக்குத் தெரியா. தெரியாதத தெரியும் எண்டு நான் சொல்ல மாட்டேன். நீங்களும் சொல்லாதீங்க. அந்தப் புள்ளைக்கு நான் வந்து மன்னிப்புக் கேக்குறேன்.”

நான் கொப்பியில் எழுதிவைத்த ஞானம் எல்லாம் ஒரு குதிரைக்கு முன்னால் அகப்பட்ட மனிதனின் சமாளிப்பு. கோபம் வந்தது. அதேநேரம் அவர்மேல் மரியாதையும் குறையவில்லை. இரண்டும் எப்படி ஒன்றாக இருந்தன என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு வருவதற்குள் நான் வராந்தாவுக்குப் போய்விட்டேன். பரமேஸ்வரி எழும்பினாள். என் வாய் வழக்கம்போல் முந்திக்கொண்டது.

“பத்தாவது நாள் காலையில தொறந்தாரு.”

“அப்ப நாளைக்கு” என்றாள். “எப்புடித் தொறந்தாரு?”

“உடனே தொறக்கல. கடைக்கு முன்னுக்கு ரோட்டில நின்னாரு. ஆளுங்க கூடினதும், எதிர்க்கடையப் பாத்துப் பயந்துதான் பூட்டிட்டேன்னு சொன்னாரு. அதுக்குப் பிறகுதான் சாவியை எடுத்தாரு.”

“ஆம்பளையா இருந்துக்கிட்டுப் பயந்தேன்னு சொன்னாரா?”

“சொன்னாரு.”

“வெக்கப்படலையா, மிஸ்?”

“பட்டாரு. பட்டுக்கிட்டேதான் சொன்னாரு.”

அவள் குடையை எடுத்துக்கொண்டு, வணக்கம் சொல்லிப் படியிறங்கிப் போய்விட்டாள். சேர் எனக்குப் பின்னால் நின்றிருந்தார். எவ்வளவு கேட்டார் என்று தெரியாது. “நீங்க ஒரு படமே எடுத்துட்டீங்க, மிஸ்” என்றார். மெச்சினாரா, ஏசினாரா என்று நான் கேட்கவில்லை. “நல்லம்” சொன்னதற்கு மன்னிப்புக் கேட்க அவர் பிறகு ஒருநாள் பன்வில போனதும், நான் சொன்ன முடிவை அங்கே காட்டிக்கொடுக்காததும் எனக்குப் பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

மறுநாள் முதல் பஸ்ஸில் நான் பன்வில போனேன். வெள்ளைக் கொடி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. பரமேஸ்வரி கடைக்கு முன்னால் ரோட்டில் நின்றாள். கொழுந்து எடுக்கப் போகிற பெண்கள், பள்ளிப் பிள்ளைகள், பஸ்ஸுக்கு நிற்பவர்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். அனுதாபமாகப் பார்த்தார்கள்.

“எங்க வீட்டுல யாரும் சாகல” என்று ஆரம்பித்தாள். “அவரு கொழும்பில நல்லா இருக்காரு. பேக்கரியப் பாத்துப் பயந்து நான்தான் பூட்டிட்டேன். நீங்க அழுதப்போ அது வெளங்கல. வெளங்குன பிறகு சொல்ல வெக்கமா இருந்திச்சு. மன்னிச்சுக்கங்க.”

நான் ஒரு மரத்துக்குப் பின்னால் நின்று, இப்போது துப்பப் போகிறார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். கண்ணைத் திறந்தபோது சுனில் முதலாளி ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்து, அதில் ஏறி, கொடிக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அப்போது பொன்னம்மா அக்கா சத்தமாகக் கேட்டார்:

“அப்ப என் சீனி?”

ரோடே சிரித்தது. பரமேஸ்வரியும் அழுதுகொண்டே சிரித்தாள். பூட்டைத் திறந்து அடுப்பை மூட்டினாள். சாவீட்டுக்கென்று ஊர் கொண்டுவந்த சீனியிலும் தேயிலையிலும் ஊருக்கே பிளேன்டீ போட்டாள். சுனில் முதலாளிக்கும் ஒரு கோப்பை போயிற்று. எனக்கும் கிடைத்தது. தித்திப்பு அதிகம்.

தான் உயிரோடு இருக்கிற முகத்தை ஊருக்குக் காட்ட ஆறுமுகம் அந்த வாரமே வந்தார். ஒரு மாதம் கடையில் நின்றார். பிறகு கொழும்புக்குப் போகவே இல்லை. கொத்துரொட்டி போடத் தொடங்கினார். கடை நிலைத்துவிட்டது. இதில் எது பாடம்? பூட்டியதா, திறந்ததா, வெட்கத்தோடு உண்மையைச் சொன்னதா, ஊர் அழுததா, கொத்துரொட்டியா? பயிற்சி அறிக்கையில் ‘விளைவு’ என்று ஒரு கட்டம் உண்டு. சேர் அதை என்னிடம் தந்தார். நான் வெறுமையாகத் திருப்பிக் கொடுத்தேன். அவரும் அப்படியே கையெழுத்துப் போட்டார்.

இதை எல்லாம் ஷாமினியிடம் சொன்னேன். பத்துப் பாடத்துக்குப் பதிலாக இதைத்தான் சொல்ல முடிந்தது. அவள் சிரித்துவிட்டு, ஒரு மணித்தியாலத்தில் அந்தப் படத்தைத் தேடிப்பிடித்து என் ஃபோனுக்கு அனுப்பிவிட்டாள். முழுப் படம். எத்தனையோ வருடமாகத் தெரியாமல் இருந்தது ஒரு விரலில் வந்து நின்றது.

பார்த்தேன். கதாநாயகன் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு ரயில் ஏறுகிறான். பட்டணத்தில் ஒரு பெண்ணைக் காப்பாற்றுகிறான். அவனைப்போலவே இன்னொருவன் இருக்கிறான். நான்கு பாட்டு, ஐந்து சண்டை, கடைசியில் கல்யாணம். தேநீர்க்கடை வரவே இல்லை. கடைசியில் பெயர்கள் ஓடி முடியும்வரை காத்திருந்தேன். அந்தப் பூட்டைப் படம் எடுத்தவர்களே மறந்துவிட்டார்கள்.

சேர் காலமாகி நாலு வருடமாகிறது. சொல்ல அவர் இல்லை. பரமேஸ்வரி இருக்கிறாள். மூன்று நாள் தயங்கி, நான்காம் நாள் அவளை அழைத்தேன். பின்னால் கொத்துப் போடும் சத்தம் கேட்டது.

“பரமேஸ்வரி, அன்னைக்கு நான் சொன்னது பொய். அந்த ஆளு பத்தாவது நாள் தொறக்கல. ரோட்டில நிக்கல. பயந்தேன்னு சொல்லல. நானாச் சொன்னது அது. படம் முழுக்கப் பாத்துட்டேன். அவரு அந்தக் கடையத் தொறக்கவே இல்ல.”

ஏசப்போகிறாள் என்று நினைத்தேன். ஏசினால் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தேன்.

“தொறக்கவே இல்லையா?” என்றாள்.

“இல்ல.”

“அப்ப அன்னைக்கு நான் மட்டுந்தானா மிஸ் தொறந்தேன்?”

“ஆமா. நீங்க மட்டுந்தான்.”

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு வந்தது.

“பாவம் மிஸ், அந்த ஆளு” என்றாள். “அவருக்குப் பொய் சொல்லக்கூட ஒருத்தரு இல்லாமப் போச்சே.”